ஆய்வேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

உங்கள் ஊரைப் பற்றியோ பக்கத்து ஊரைப் பற்றியோ யாரோ ஒருவர் எப்போதோ எம்.ஃபில். பட்டம் வாங்கியிருப்பார். தமிழ்நாட்டு ஊர் என்றால் பந்தயமே கட்டலாம். இன்ன வட்டார நாட்டுப்புறப் பாடல்கள், இன்ன ஊர்க் கோயில், இன்ன தாலுகாவின் ஊர்ப்பெயர்கள் என்று தமிழ்த்துறைகளிலும் வரலாற்றுத்துறைகளிலும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு ‘ஓர் ஆய்வு’. அந்த வாலைக் கேலி செய்யாத தமிழ் வாசகர் இல்லை, நானும் நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கறுப்பு ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்து பொறித்த அந்த ஆய்வேடுகளையும் கல்லூரி ஆண்டு மலர்களையும் விட்டால் வேறெங்கும் கிடைக்காத சங்கதிகள் எவ்வளவு இருக்கின்றன என்று. அவற்றை எங்கே தேடுவது, எடுத்தபின் எப்படிப் படிப்பது, எதை நம்பலாம், எதை நம்பினால் மாட்டிக்கொள்வோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மாணவர் எழுதியதுதானே, அதை ஆதாரமாக வைக்கலாமா? வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் எத்தனை வீடு, யாரிடம் எவ்வளவு நிலம், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதிவரச் சொன்னார். அது 1918இல் ‘சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்’ என்ற நூலாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, பழைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. இருபது வருடம் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பப் போய்க் கணக்கெடுத்தார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். ஒரு நூற்றாண்டாகப் பொருளாதார அறிஞர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஊர்களின் முதல் கணக்கு, லீவுக்கு வீட்டுக்குப் போன கல்லூரிப் பையன்கள் எழுதியது.

சரி, தேடலுக்கு வருவோம்.

எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நிற்பது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். இன்றைக்குத் தங்கள் ஊர் எந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போய்த் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழக எல்லை தமிழ்நாட்டில் அடிக்கடி மாறியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தது, அண்ணாமலை 1929இல். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல்தான் பிறந்தது, பின்னால் காமராசர் பெயர் சேர்ந்தது. கோவை பாரதியாரும் திருச்சி பாரதிதாசனும் 1982, காரைக்குடி அழகப்பா 1985, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் 1990, சேலம் பெரியார் 1997, வேலூர்ப் பக்கம் திருவள்ளுவர் 2002. ஆக, தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றி 1975இல் எழுதிய ஆய்வேட்டைத் திருநெல்வேலியில் தேடுவதைவிட மதுரையில் தேடுவதுதான் பொருத்தம், 1960 என்றால் சென்னை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அந்தப் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அங்கே கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையும் உண்டு, ஓலைச்சுவடி நூலகமும் உண்டு. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் (1981), தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் (1970) இரண்டுக்கும் வட்டார எல்லை கிடையாது, எந்த ஊரைப் பற்றியும் அங்கே ஆய்வு இருக்கலாம்.

மாவட்டப் பெயரிலும் இதே வம்புதான். திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டம். தூத்துக்குடி 1986இல்தான் நெல்லையிலிருந்து பிரிந்தது, சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில். ஈரோடு, பெரியார் மாவட்டமாக இருந்தது. சிவகங்கைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரும் விருதுநகருக்குக் காமராசர் பெயரும் இருந்தன. 1997இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். 1990இல் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பில் ‘காமராசர் மாவட்டம்’ என்று இருக்கும், நீங்கள் விருதுநகர் என்று தட்டிக்கொண்டே இருந்தால் அது எந்தக் காலத்திலும் வெளியே வராது. அதனால் தேடத் தொடங்கும்முன் ஒரு தாளில் உங்கள் ஊரின் பழைய மாவட்டங்கள், பழைய தாலுகா, ஜமீன் இருந்தால் ஜமீன், பழைய பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, அலைச்சல் பாதி குறையும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. ராமநாதபுரமா இராமநாதபுரமா? ராஜராஜனா இராசராசனா? ஜமீனைச் ‘சமீன்’ என்று எழுதிய நெறியாளர்கள் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்கள்) இருந்திருக்கிறார்கள், அவர்களிடம் படித்தவர்களும் அப்படியேதான் எழுதினார்கள். அட்டவணை அகர வரிசையில் இருந்தால் ‘இ’யில் ஒரு தடவை, ‘ரா’வில் ஒரு தடவை. கணினியில் ஆங்கில எழுத்தில் தலைப்பை ஏற்றியிருந்தால் அது தனிக் கூத்து. ஒரே திருநெல்வேலிக்கு ஹெச் போட்டது, போடாதது, வெள்ளைக்காரன் விட்டுப்போன டின்னவேலி என்று மூன்று வடிவம். டாஞ்சூர், டிரிச்சினோபோலி, டூட்டிக்கோரின் என்று பழைய பெயர்களையும் போட்டுப் பாருங்கள், ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றுத்துறை ஆய்வேடுகள் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் போகலாம்

முதலில் ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் தளம், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்துகிறது. ஆய்வேட்டின் மின்படியையும் கொடுத்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்ததால், அதற்குப் பிந்தியவை ஓரளவு ஒழுங்காக இருக்கும். முந்தியவை அந்தந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு அக்கறையாக ஸ்கேன் செய்தது என்பதைப் பொறுத்தது. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். ஒன்று, தமிழ் ஆய்வேட்டின் உள்ளே சொல் தேட முடியும் என்று நினைக்காதீர்கள். பாதி வெறும் படம், மீதி யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக விழும். அதனால் தலைப்பு, துறை, நெறியாளர் பெயர் வழியாகத்தான் போக வேண்டும், அதிலும் நெறியாளர் பெயர் நல்ல குறுக்குவழி. நாட்டார் வழக்காற்றில் ஊறிய ஒருவரிடம் பத்துப் பேர் பட்டம் வாங்கியிருந்தால் பத்தும் பக்கத்துப் பக்கத்து ஊர்களாகத்தான் இருக்கும். இரண்டாவது, ஆய்வேட்டை முழுதாக ஒரே கோப்பாகத் தராமல் முகப்பு, சான்றிதழ், இயல் ஒன்று, இயல் இரண்டு என்று துண்டு துண்டாகப் போட்டிருப்பார்கள். அவசரத்தில் இயல்களை மட்டும் இறக்கிக்கொண்டு, கடைசியில் இருக்கும் பின்னிணைப்பை விட்டுவிடுகிறோம். விடக் கூடாதது அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆனால் ஊர் வரலாற்றுக்கு உண்மையில் வேண்டியது எம்.ஃபில்.லும் எம்.ஏ. ஆய்வேடும். ஷோத்கங்காவில் இருப்பது பெரும்பாலும் பிஎச்.டி.தான். பிஎச்.டி. செய்கிறவர் ஒரு மாவட்டத்தை எடுப்பார், எம்.ஏ. மாணவர் ஒரே ஒரு தெருவை எடுப்பார், அவர் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கும். எம்.ஃபில். படிப்பையே 2022இல் நிறுத்திவிட்டார்கள், ஆக இருப்பது இருப்பதுதான், இனி அந்த அலமாரியில் புதிதாக ஒன்றும் சேரப் போவதில்லை.

மற்றபடி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் கிடைக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தில், கோட்டையூரில் தனியொருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த, தெருவில் விற்ற மலிவுக் குஜிலி நூல்கள், நாடக நோட்டீஸ்கள் முதல் அழைப்பிதழ்கள் வரை இருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. ஈழத்துக்காரர்களுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையதளம்தான் முதல் நிறுத்தம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோனவை போக, வீடுகளில் தப்பிக் கிடந்த பள்ளி மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், நினைவு மலர்களையெல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்து மாணவர்களின் ‘இளங்கதிர்’ இதழ்களையும் அங்கே புரட்டலாம். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகம் 1974இல்தான் வந்தது என்பதால் அதற்கு முந்திய ஆய்வுகளுக்குப் பேராதனையையும் கொழும்பையும் பார்க்க வேண்டும்.

நேரில் போகும்போது

மைய நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் துறை நூலகத்துக்குப் போங்கள். எம்.ஏ., எம்.ஃபில். ஆய்வேடுகள் மைய நூலகத்துக்கு வந்தே சேராமல் துறைத் தலைவர் அறைக்குப் பின்னாலுள்ள பீரோவிலேயே தங்கிவிடுவது வழக்கம். கையில் ஒரு கடிதம் வேண்டும். எந்த நிறுவனமும் சாராதவர் என்றால் உங்கள் ஊர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், கடிதத்தில் நோக்கத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். ‘ஆராய்ச்சி செய்கிறேன்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, ‘எங்கள் ஊர்க் கண்மாய் பற்றி 1980களில் எழுதிய ஆய்வேடுகளைப் பார்க்க வேண்டும்’ என்றால் உதவியாளரே எழுந்து வருவார்.

நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் வகைப்பாட்டு எண்ணைத் தெரிந்துகொண்டால் நல்லதுதான். டூயி முறை என்றால் தமிழ் இலக்கியம் 894.811, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் முறை என்றால் ஓ31. ஆனால் ஆய்வேடுகள் பல இடங்களில் இந்த எண்ணுக்குள் வராது, வந்த வரிசையில் அக்சஷன் எண் போட்டு ஒரு மூலையில் அடுக்கியிருப்பார்கள். அப்படியென்றால் அக்சஷன் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, விரலால் தடவிக்கொண்டே ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியதுதான். நான் ஒரு கல்லூரியில் அப்படி உட்கார்ந்தபோது, கணினிப் பட்டியலில் இல்லாத பதினாறு ஆய்வேடுகள் ரிஜிஸ்டரில் இருந்தன. அலமாரியில் இருந்தவை ஒன்பது. மீதி ஏழு எங்கே என்று கேட்டதற்கு, வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பருக்குப் போட்டிருப்பார்கள் என்று பதில் வந்தது, அதுவும் ரொம்பச் சாதாரணமாக. அப்படி ஆனால் மனம் விட்டுவிடாதீர்கள். ஒரு ஆய்வேட்டுக்கு மூன்று நான்கு படி போடுவார்கள், நெறியாளரிடம் ஒன்று, எழுதியவரிடம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். எழுதியவர் அதே மாவட்டத்தில் எங்கேயாவது தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். தன் எம்.ஃபில். ஆய்வேட்டைத் தேடி முப்பது வருடம் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஏற்படும் சந்தோஷத்தைப் பார்த்தால்தான் தெரியும். காபி குடிக்காமல் திரும்ப முடியாது.

படிக்கும் வரிசை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வேட்டை முன்னுரையிலிருந்து படிக்கத் தொடங்கினால் நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். ஆய்வின் நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, முன்னாய்வுகள் என்று அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். முதல் இயலில் வரும் மாவட்ட வரலாறு ஏதோ ஒரு கெசட்டியரிலிருந்தும் (அரசு வெளியிட்ட மாவட்டக் கையேடு), அதற்கு முந்திய வருடம் அதே துறையில் எழுதிய இன்னொரு ஆய்வேட்டிலிருந்தும் எடுத்து எழுதியது. நடு இயல்களில் நெறியாளருக்குப் பிடித்த கோட்பாடு இருக்கும். இதிலெல்லாம் மாணவர் பரீட்சைக்காக எழுதினார், வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள் என்று பயந்து எழுதினார். பயமில்லாமல் எழுதிய இடம் ஒன்றே ஒன்றுதான், பின்னிணைப்பு. களஆய்வில் கேட்டதை அப்படியே கொட்டிவைத்த இடம். பாட்டு, கதை, வட்டாரச் சொற்கள், கையால் வரைந்த வரைபடம், கோந்து வைத்து ஒட்டிய புகைப்படம், தகவலாளர் பட்டியல். அதனால் கடைசிப் பக்கத்தைத் திறந்து பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

ஒரு உதாரணம். பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது 1984இல் எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு ஒன்று கையில் கிடைத்தது. தமிழ்த் தட்டச்சில் அடித்து, விட்டுப்போன ஒற்றுகளை நீல மையில் போட்டிருந்தார்கள். மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம்: தாது வருடப் பஞ்சத்தின்போது இக்கண்மாயின் கரை உயர்த்தப்பட்டது, அடைப்புக்குள் 1936. சரி என்று குறித்துக்கொண்டேன். பிறகு பின்னிணைப்புக்குப் போனால், அந்தத் தகவலைச் சொன்னவரின் பேச்சு அப்படியே தட்டச்சில் இருக்கிறது: “தாது வருசத்துல எங்க தாத்தா எளவட்டமா இருக்கையில கஞ்சி ஊத்தித்தான் இந்தக் கரைய ஒசத்துனாக.” தகவலாளர் பட்டியலில் அவர் ஏழாவது ஆள். வயது 82, தொழில் நீர்பாய்ச்சி, கல்வி இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். 1984இல் 82 என்றால் ஏறக்குறைய 1902இல் பிறந்தவர். 1936இல் அவருக்கே 34 வயது. அந்த வருடம் நடந்திருந்தால் தாத்தா இளவட்டமாக இருந்தபோது என்று ஏன் சொல்கிறார், தானே மண் சுமந்ததாக அல்லவா சொல்லியிருப்பார்? தமிழ் வருடம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பும். தாது 1936இல் வந்தது, அதற்கு முன் 1876இல் வந்தது. ஜனங்கள் வாயில் தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சம்தான், கஞ்சிக்கு மண் வேலை செய்ததும் அப்போதுதான். மாணவர் பஞ்சாங்கப் பட்டியலைப் பார்த்திருக்கிறார், பக்கத்து வரியில் கை விழுந்துவிட்டது. நெறியாளரும் பார்க்கவில்லை, தேர்வாளரும் பார்க்கவில்லை. மாணவரை நான் திட்ட மாட்டேன், பெரியவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் பின்னிணைப்பில் வைத்தவரும் அவர்தான். அது இல்லையென்றால் கரைக்கு அறுபது வயதைக் குறைத்து நானும் எழுதியிருப்பேன்.

ஆகவே தகவலாளர் பட்டியலில் வயது, தொழில், ஊர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வு நடந்த வருடத்திலிருந்து வயதைக் கழித்துப் பிறந்த வருடத்தை எழுதிக்கொண்டு, அவர் சொல்வது கண்ணால் கண்டதா, அப்பா சொன்னதா, தாத்தா சொன்னதா என்று பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஆண்டுக் கணக்குகளையும் கைவசம் வைத்திருங்கள். நில வரிக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும், பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருடம் வரும், அதாவது பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணங்களில் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு வரும், அது ஆவணியில் பிறக்கும், டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடங்கள் இவைதான்.

வட்டாரச் சொல் பட்டியல் இருந்தால் அதைத் தமிழ் லெக்சிகனோடு ஒப்பிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த பேரகராதி அது, இணையத்திலும் இருக்கிறது. அதில் இல்லாத சொல், அல்லது இருந்தும் வேறு பொருளில் வரும் சொல், மீனவர் ஊர்களையும் உப்பளங்களையும் பற்றிய ஆய்வேடுகளில் சாதாரணமாக அகப்படும். இலக்கியம் படிப்பவர்களுக்கு இது ரொம்பவே உதவும், வட்டார நாவல் ஒன்றில் புரியாமல் விட்ட சொல்லுக்குப் பொருள் அதே வட்டாரத்து எம்.ஏ. மாணவரின் பின்னிணைப்பில் கிடைக்கும்.

எதை நம்புவது

கல்வெட்டுச் செய்தி இருந்தால் எண்ணைப் பாருங்கள். தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு எண்ணும் ஆண்டும் உண்டு. அந்த எண் இருந்தால் ஆண்டறிக்கையிலும், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் போய்ச் சரிபார்க்கலாம். எண் இல்லாமல் ‘இக்கோயில் கல்வெட்டு கூறுகிறது’ என்று மட்டும் இருந்தால், அது தல புராணத்திலிருந்தோ குருக்கள் சொன்னதிலிருந்தோ வந்தது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நிலம், மானியம் பற்றிய செய்தியென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. 1961 கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்குத் தனி நூலே போட்டார்கள், உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஊர்ப்பெயர்க் காரணக் கதைகளை மட்டும் தயவுசெய்து அப்படியே எடுக்காதீர்கள். ராமன் வந்து தங்கினான், பாண்டியன் வாள் கழுவினான் என்கிற கதைகளெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் தங்களை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்குத்தான் சான்று, பெயருக்கு இல்லை.

கல்லூரி மலர்கள்

கல்லூரி மலரில் எல்லோரும் முதலில் தேடுவது பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஒருவரின் முதல் கவிதையை. கிடைக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். அதே பெயரில், அதே இனிஷியலோடு இரண்டு பேர் இருப்பார்கள். வகுப்பையும் ஆண்டையும் அவருடைய வாழ்க்கைக் குறிப்போடு பொருத்திப் பார்த்த பிறகு சொல்லுங்கள். பையன்கள் வேறு யாருடையதையாவது காப்பியடித்துத் தன் பெயரில் கொடுப்பதும் உண்டு, அந்தக் கலைக்கு வயது அதிகம்.

மலரின் முன்பக்கங்கள் கிழிந்து ஆண்டு தெரியவில்லையா? வகுப்புப் பெயரைப் பாருங்கள். பி.யு.சி. (பட்டப்படிப்புக்கு முந்திய ஓராண்டு வகுப்பு) என்று இருந்தால் பெரும்பாலும் பிளஸ் டூ வந்த 1978க்கு முந்தியது. பி.யு.சி.க்கு முன்பிருந்த இரண்டாண்டு இன்டர்மீடியட் என்று இருந்தால் 1950களுக்கோ அதற்கு முன்னாலோ போக வேண்டும். எழுத்தைப் பாருங்கள், யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் பழைய ஈய எழுத்தைத் தூக்கிப்போட மனமில்லாத அச்சகங்கள் அதற்குப் பிறகும் அதையே ஓட்டின என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். சென்னை மாநிலம் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன்.

எனக்கு மலரில் பிடித்தது இரண்டு இடம். ஒன்று முதல்வரின் ஆண்டறிக்கை. தமிழ் மன்றத்தில் அந்த வருடம் யார் வந்து எந்தத் தலைப்பில் பேசினார்கள், நாடக மன்றம் எதை அரங்கேற்றியது, எந்தப் புயலுக்கு எத்தனை நாள் விடுமுறை என்றெல்லாம் தேதியோடு இருக்கும். எழுத்தாளர் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. இரண்டாவது விளம்பரப் பக்கங்கள். மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணோடு பஸ் சர்வீஸ், சோடா கம்பெனி, ஜவுளிக் கடை, டூரிங் டாக்கீஸ். கடைத்தெரு எந்தப் பக்கம் இருந்தது, யார் யாரோடு கூட்டாகத் தொழில் செய்தார்கள், எந்த வருடம் யார் பெயர் பலகையிலிருந்து மறைந்தது என்று ஐந்தாறு வருட மலர்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும். நூலகங்கள் சில, பைண்டிங் செய்யும்போது விளம்பரத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடும். பழைய மாணவர் வீட்டுப் பரணில் இருக்கும் படிதான் அப்போது முழுப் படி.

எழுதும்போது

ஆய்வேட்டிலிருந்து எடுத்தால் எழுதியவர் பெயர், தலைப்பு, எந்தப் பட்டத்துக்கு, துறை, பல்கலைக்கழகம், ஆண்டு, பக்கம் எல்லாம் போடுங்கள், ‘அச்சில் வராதது’ என்றும், எந்த நூலகத்துப் படி என்றும் சேர்த்துப் போடுங்கள். தகவலாளர் சொன்னதை எடுத்தால் ஆய்வாளர் பெயரோடு நிறுத்தாமல் பின்னிணைப்பில் எத்தனையாவது தகவலாளர் என்பதையும் குறிக்க வேண்டும். அச்சில் வரவில்லை என்பதற்காக அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அது எழுதியவருடையது, ஆய்வுக்காக அளவோடு மேற்கோள் காட்டலாம், ஒரு இயலையே தூக்கி உங்கள் புத்தகத்தில் வைக்க முடியாது. பேராசிரியர்கள் சிலர் தங்கள் மாணவர்களின் களஆய்வை எடுத்துத் தங்கள் பெயரில் நூலாக்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று, தகவலாளர் பட்டியலில் சாதி, தெரு எல்லாம் இருக்கும். ஊர்ச் சண்டை, கொலை, காதல் என்று பேசிய ஆட்களின் பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். அந்தப் பகுதிகளில் பெயரை எடுத்துவிட்டு வயதையும் தொழிலையும் மட்டும் வையுங்கள், ஆய்வுக்கு அதுவே போதும். நல்ல செய்தி என்றால் நேர்மாறு, பெயரைப் போட்டு, வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தின் ஒரு ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த நீர்பாய்ச்சியின் பேரன் வீட்டில் நான் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, “தாத்தா பேசினது அப்படியேவா இருக்கு?” என்பதுதான். படித்துக் காட்டச் சொன்னார். ‘ஒசத்துனாக’ வந்தபோது சிரித்துவிட்டு, அந்தக் கரையில் இன்னும் இரண்டு மடைக்குத் தாத்தா வேறு பெயர் சொல்வார், அது இதில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.